பாடம் நம்ம கையில், விளக்கம் பக்கத்து அலமாரியில்: ஆசிரியர்கள் இணையத்தில் தேடுவது எப்படி?

உங்கள் போனை எடுத்து, '7-ஆம் வகுப்பு சி.பி.எஸ்.இ. அறிவியல், முதல் பாடம்' என்று கூகுளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வருகிற வீடியோக்களில் பல 'தாவரங்களில் உணவூட்டம்' என்ற பாடத்தை நடத்தும். நல்லாத்தான் நடத்தியிருப்பாங்க. சிக்கல் என்னன்னா, 2025-26 கல்வியாண்டில் வந்த புதிய புத்தகத்தில் முதல் பாடம் அது இல்லை. புதிய புத்தகத்தின் பெயர் 'கியூரியாசிட்டி'. அதில் முதல் பாடம் அறிவியல் பற்றிய ஓர் அறிமுகம். இரண்டாவது அமிலம், காரம், நடுநிலைப் பொருள்கள். மூன்றாவது மின்சுற்று. தாவரங்களின் கதை 10-ஆவது பாடமாகத் தள்ளிப் போய்விட்டது.

பாட எண்ணை நம்பித் தேடும் ஆசிரியர் மாலை நேரத்தில் அரை மணி நேரத்தை இப்படி இழக்கிறார். அரை மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். பள்ளி முடிந்து, வீட்டு வேலை முடிந்து, விடைத்தாள் திருத்தி முடித்தபின் ஒரு ஆசிரியைக்கு அடுத்த நாள் பாடத்தைத் தயாரிக்கக் கிடைப்பதே ஒரு மணி நேரம்தான். அதில் பாதி போனால், மறுநாள் வகுப்பில் வரிக்கு வரி வாசிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இது எல்லா ஊர் ஆசிரியர்களுக்கும் உள்ள பிரச்சினைதான். ஆனால் புதுச்சேரியில் இதற்கு இன்னொரு அடுக்கும் இருக்கு.

நமக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

புதுச்சேரிக்கு எனத் தனி பள்ளிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையும், 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அடுத்த ஆண்டு 10, 12-ஆம் வகுப்புகள். தொடக்க வகுப்புகளில் அந்த மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முதலியார்பேட்டையில் 7-ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பல வருடங்களாக அவர் நடத்தியது தமிழ்நாட்டுப் புத்தகம். அவருடைய குறிப்பேடு, சேமித்து வைத்த வீடியோ, சக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாமே அந்தப் பாடத்திட்டத்தை ஒட்டியவை. இப்போது கையில் இருப்பது என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். அந்த நிறுவனத்தின் புத்தகங்கள் பிரதானமாக ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வருகின்றன. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை. 'சர்க்யூட்' என்றால் வாசிக்கத் தெரியும். கரண்ட் ஏன் முழுச் சுற்று சுற்றினால்தான் பல்பு எரியும் என்பதைத் தமிழில் ஒருமுறை சொன்னால்தான் முகத்தில் வெளிச்சம் வரும்.

ஆக, அவருக்குத் தேவைப்படுவது என்.சி.இ.ஆர்.டி. பாடத்துக்குப் பொருந்துகிற தமிழ் விளக்கம். அப்படி ஒன்று ஒரே இடத்தில் தயாராகக் கிடைப்பது அரிது. பாடத்துக்கு உரிய பொருள்கள் டெல்லி தளங்களில் இருக்கின்றன. தமிழ் விளக்கம் சென்னை தளங்களில் குவிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் வேலை ஆசிரியருடையது. தைக்கத் தெரிந்துகொண்டால், மொத்த வேலையும் 15, 20 நிமிடத்தில் முடியும்.

முதல் வேலை: புத்தகம் எந்தப் பதிப்பு?

தேடல் பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். என்.சி.இ.ஆர்.டி. 2023-இல் 1, 2-ஆம் வகுப்புகளுக்கும், 2024-இல் 3, 6-ஆம் வகுப்புகளுக்கும், 2025-இல் 4, 5, 7, 8-ஆம் வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்களைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 2022-இல் பழைய புத்தகங்களிலேயே பல பகுதிகள் நீக்கப்பட்டன. ஆகவே இணையத்தில் ஒரே வகுப்புக்கு மூன்று விதமான பாட எண்கள் சுற்றிக்கொண்டிருக்கும்: மிகப் பழையது, குறைக்கப்பட்டது, புதியது.

புதிய புத்தகங்களைப் பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாம். 6, 7, 8-ஆம் வகுப்பு அறிவியல் என்றால் 'கியூரியாசிட்டி', கணிதம் என்றால் 'கணித பிரகாஷ்', ஆங்கிலம் என்றால் 'பூர்வி'. தேடும்போது வகுப்பு எண்ணுடன் இந்தப் பெயரையும் சேர்த்துத் தட்டினால் பழைய வீடியோக்கள் பெருமளவு வடிகட்டப்பட்டுவிடும். யூடியூபில் தேடுகிறவர்கள் 'ஃபில்டர்' பகுதிக்குப் போய், பதிவேற்றிய காலத்தைக் கடந்த ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன விஷயத்தைப் பலர் செய்வதில்லை.

புத்தகமே வேண்டுமென்றால் என்.சி.இ.ஆர்.டி.யின் சொந்த இணையதளத்தில் பாடம் பாடமாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2015-இல் தொடங்கிய 'இ-பாடசாலா' செயலியிலும் கிடைக்கும். வேறு யாரோ தங்கள் பெயரை நீர்க்குறியாகப் போட்டு, நடுவில் விளம்பரம் செருகி வைத்த பிரதியை இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணை விடுங்க, கருத்தைத் தேடுங்க

மேலே சொன்ன மூன்றாவது பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மின்சுற்றும் அதன் பாகங்களும். 7-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடம்தானே என்று தமிழ்நாட்டின் 7-ஆம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால், இரண்டாம் பருவத்தில் 'மின்னோட்டவியல்' என்ற பாடம் இருக்கும். அது கொஞ்சம் மேலே போய்விடும். நமக்கு வேண்டிய மின்கலம், சாவி, திறந்த சுற்று, மூடிய சுற்று எல்லாம் எளிமையாக இருப்பது 6-ஆம் வகுப்பு இரண்டாம் பருவத்தின் 'மின்னியல்' பாடத்தில். அதேபோல் அமிலம், காரம் பற்றிய விரிவான பாடம் தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பில் வருகிறது. வெப்பம் பரவும் மூன்று வழிகளும் 8-ஆம் வகுப்பின் 'வெப்பம்' பாடத்தில். ஒளி மட்டும் அதிசயமாக இரண்டு பக்கமும் 7-ஆம் வகுப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மூன்றாம் பருவத்து 'ஒளியியல்'. இங்கே சொல்வது 2018, 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புத்தகங்களின் வரிசை.

இதிலிருந்து தெரிவது: வகுப்புக்கு வகுப்பு பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலே ஒரு வகுப்பு, கீழே ஒரு வகுப்பு சேர்த்துப் பார்க்கணும். கணிதத்துக்கும் சமூக அறிவியலுக்கும் இது பொருந்தும். ஒரு பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒருவர் உட்கார்ந்து, 'நம் பாடம் இது, தமிழ்நாட்டுப் பாடம் அது' என்று ஒரே ஒரு பக்க அட்டவணை போட்டுவிட்டால், அந்தப் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் வருடம் முழுக்க உதவும். வாட்ஸ்அப்பில் வரும் '100 பயனுள்ள கல்வி இணையதளங்கள்' பட்டியலை விட இந்த ஒரு பக்கம் பல மடங்கு மேல் என்பது என் கருத்து. நூறு இணைப்பு உள்ள பட்டியலை யாரும் முழுசாத் திறந்து பார்க்கிறதில்லை.

தீக்ஷாவில் எல்லையைத் தாண்டலாம்

ஒன்றிய அரசின் 'தீக்ஷா' தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. பெரும்பாலான ஆசிரியர்கள் போனில் அந்தச் செயலி ஏற்கெனவே இருக்கும். 'நிஷ்டா' பயிற்சிக்காக இறக்கியிருப்பார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழை எடுத்துக்கொண்டு மறந்திருப்பார்கள்.

அதைத் திரும்பத் திறந்தால், உங்கள் விவரப் பகுதியில் வாரியம், பயிற்று மொழி, வகுப்பு என்று மூன்று தேர்வுகள் இருக்கும். வாரியம் சி.பி.எஸ்.இ. என்றும் மொழி ஆங்கிலம் என்றும் வைத்திருந்தால், அதற்குள் இருப்பது மட்டும்தான் முதலில் காட்டப்படும். 'தமிழில் ஒண்ணுமே இல்லையே' என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் பல நேரம் இதுதான். வாரியத்தைத் தமிழ்நாடு என்றும் மொழியைத் தமிழ் என்றும் மாற்றுங்கள். வகுப்பை நாம் கண்டுபிடித்தபடி 6 என்று வையுங்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் தயாரித்த தமிழ் வீடியோக்களும் பயிற்சிகளும் வரத் தொடங்கும். புதுச்சேரி ஆசிரியர் இப்படி மாற்றிப் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். யாருக்கும் தடை இல்லை, கட்டணமும் இல்லை. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். செயலியின் திரை அமைப்பு புதுப்பிப்புகளில் இடம் மாறலாம். ஆனால் வாரியம், மொழி, வகுப்பு என்ற மூன்றையும் தேடிப் பிடித்தால் போதும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. 2018-இல் இருந்து வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்தோடு கியூ.ஆர். குறியீடு அச்சாகியிருக்கும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் புத்தகத்தைப் பி.டி.எஃப். ஆக இறக்கி, அந்தக் குறியீட்டை இன்னொரு போனால் ஸ்கேன் செய்தால் நேராக அந்தப் பாடத்தின் வீடியோவுக்கே போய்விடும். இரண்டாவது போன் இல்லையா? தீக்ஷா குறியீட்டின் அருகில் 6 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறி இருக்கும். அதைத் தீக்ஷாவின் தேடல் பெட்டியில் தட்டினாலே போதும். குறியீடு மங்கலாக இருக்கும் பழைய புத்தகங்களுக்கும் இதுவே வழி.

அந்தப் புத்தகங்களில் பல பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும். பலர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஆசிரியருக்கு அது ஒரு பொக்கிஷம். அந்தக் கருத்துக்குப் பொருத்தமான விளையாட்டையோ, மெய்நிகர் பரிசோதனையையோ ஏற்கெனவே ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, படிப்படியாக எப்படிச் செய்வது என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. 2023-இல் வந்த 'மணற்கேணி' செயலி 6 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கான பாடங்களைச் சின்னச் சின்ன அசைபட வீடியோக்களாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. ஒரே கருத்தை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துக் காட்ட முடிவது, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் விளக்க வேண்டிய நம் வகுப்புகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

தமிழில் தேடினால் ஏன் கொஞ்சமாக வருகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல்தான். அப்படிப்பட்ட பி.டி.எஃப்.இல் உள்ள ஒரு வரியை நகல் எடுத்து ஒட்டிப் பாருங்கள், கிறுக்கல் வரும். கூகுளுக்கும் அதே கிறுக்கல்தான் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பல கோப்புகள் பழைய முறையிலேயே கிடக்கின்றன. எனவே நல்ல தமிழ்ப் பாடக் கோப்பு ஒன்று தேடலில் வரவில்லை என்றால், அது இல்லை என்று அர்த்தமில்லை. அந்தத் தளத்துக்கே போய்ப் பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சொல். 'மின்சுற்று' என்று சேர்த்தும், 'மின் சுற்று' என்று பிரித்தும், 'சர்க்யூட்' என்று தமிழ் எழுத்தில் ஆங்கிலமாகவும் எழுதுகிறார்கள். மூன்றும் மூன்று விதமான முடிவுகளைத் தரும். வேற்றுமை உருபு சேர்க்காமல் ('மின்சுற்றின்' என்று போடாமல்) வெறும் சொல்லாகத் தேடுவது நல்லது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தெரியாவிட்டால், விக்சனரியிலோ தமிழ்நாடு அரசின் 'சொற்குவை' தளத்திலோ பார்த்துக்கொள்ளலாம். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் கலைச்சொல் தொகுப்பும் மின்னூலகமும் உள்ளன.

சொல்லின் திசையை மாற்றினால் கடல் தாண்டியும் போகலாம். இலங்கையில் தமிழ்வழிப் பாடநூல்களை அந்நாட்டின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படங்களும் செயல்முறைகளும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் ஒளித்தொகுப்பு என்பார்கள். நம் வேதியியல் அங்கே இரசாயனவியல். நம் செல் அங்கே கலம். இதில் ஒரு எச்சரிக்கை: நாம் பொதுவாகக் காரம் என்று சொல்வதை அவர்கள் மூலம் என்கிறார்கள், நீரில் கரையும் வகையை மட்டும்தான் காரம் என்கிறார்கள். அப்படியே வகுப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். ஆசிரியர் பார்த்துப் புரிந்துகொண்டு, நம் சொல்லில் சொல்ல வேண்டும்.

கூகுளில் ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, தளத்தின் முகவரியைப் போட்டு, அதன்பின் தேட வேண்டிய சொல்லைத் தட்டுங்கள். 'ஃபைல்டைப்' என்று தட்டி அதேபோல் முக்காற்புள்ளி, பி.டி.எஃப். என்று சேர்த்தால் பி.டி.எஃப். கோப்புகள் மட்டும் வரும். இரண்டே உத்திகள்தான், விளம்பரத் தளங்களில் பெரும்பாலானவை இதிலேயே கழன்றுவிடும்.

பார்ப்பதை விடச் செய்வது மேல்

வீடியோ மட்டுமே கல்வி வளம் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய 'ஃபெட்' என்ற தளத்தில், திரையிலேயே கம்பி இணைத்து, பேட்டரி வைத்து, பல்பு எரிய வைக்கலாம். இணைப்பைத் துண்டித்தால் அணைந்துவிடும். போனிலேயே இயங்கும்; இலவசம். பல பரிசோதனைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் இல்லாமலும் ஓடும். பள்ளியில் சிக்னல் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்.

பழைய பேட்டரி, சைக்கிள் டியூப், ஸ்ட்ரா, தீக்குச்சி மாதிரிப் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்வதற்கு அரவிந்த் குப்தாவின் இணையதளம் இருக்கிறது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தமிழ் உள்பட பல மொழிகளில் வீடியோவும் புத்தகமும் கொட்டிக் கிடக்கின்றன. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு 'ஸ்டோரிவீவர்' தளம்: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, தமிழ்ப் படக்கதைகளை வாசிப்பு நிலை வாரியாகத் தேடி, இறக்கி, அச்சடித்தும் கொடுக்கலாம். உரிமம் அதற்கு அனுமதிக்கிறது.

ரோடியர் மில்லைத் தேடுவது எப்படி?

சமூக அறிவியல் ஆசிரியர்களின் தேடல் வேறு மாதிரி. காலனி ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பாடம் வருகிறது. புத்தகத்தில் இருப்பது நாடு முழுவதுக்குமான கதை. முதலியார்பேட்டைப் பிள்ளைக்கோ, கதை கடலூர் சாலையிலேயே இருக்கிறது: 1898-இல் உருவாகி, 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலை. தாத்தா அங்கே வேலை பார்த்திருப்பார். அந்த ஆலையைப் பற்றித் தேடும்போது 'ஏ.எஃப்.டி.' என்று தேடினால் சமீபத்திய செய்திகள்தான் அதிகம் வரும். 'ஆங்கிலோ ஃபிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்' என்ற முழுப் பெயரில் வேறு கட்டுரைகள். ஊர்க்காரர்கள் சொல்லும் 'ரோடியர் மில்' என்ற பெயரில் தேடினால் இன்னும் பழைய விஷயங்கள். ஒரு இடத்துக்கு எத்தனை பெயர் உண்டோ, அத்தனை தேடல் தேவை.

பழைய பாண்டிச்சேரியின் வரைபடங்களும் படங்களும் வேண்டுமென்றால், பிரான்சு தேசிய நூலகத்தின் 'காலிகா' மின்னூலகத்தில் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். பாண்டிச்சேரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஆர்' வரும். பிரெஞ்சில் ஒரே 'ஆர்'. அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டாலே காட்சி மாறிவிடும். டூப்ளே கவர்னராக இருந்த 1742 முதல் 1754 வரையான காலத்தை நேரில் பார்த்து எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அந்தப் பழைய தொகுதிகள் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. பாடப் புத்தகத்தின் ஒரு வரிக்குப் பக்கத்தில் நம்ம ஊர்க்காரர் எழுதிய ஒரு பக்கத்தை வைத்துக் காட்டலாம்.

எடுத்ததைப் பயன்படுத்தும்போது

வகுப்பில் கற்பிப்பதற்காக ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுக்க 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில் இடம் தருகிறது. 2016-இல் டெல்லி பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் கற்பித்தலுக்கான பிரதிகளுக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அதே கோப்பை உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவது, உங்கள் பெயர் போட்டு பி.டி.எஃப். ஆக்கி விற்பது எல்லாம் இந்த விலக்குக்குள் வராது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இலவசமாக இறங்குகிறது என்பதற்காக அதை மறுபதிப்பு செய்யும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற குறி இருந்தால், அந்த உரிமத்தில் சொன்னபடி, பெரும்பாலும் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு, பகிரலாம். கூகுள் படத் தேடலில் 'பயன்பாட்டு உரிமைகள்' என்ற வடிகட்டியில் இந்தக் குறி உள்ள படங்களை மட்டும் பார்க்க வழி இருக்கு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேள்வித்தாள் கேட்கும் ஆசிரியர்கள் இப்போது நிறையப் பேர். 'ஏழாம் வகுப்பு மூன்றாம் பாடத்துக்கு 10 கேள்வி கொடு' என்று கேட்டால், பழைய புத்தகத்தின் மூன்றாம் பாடத்துக்குக் கேள்வி வர வாய்ப்புண்டு. முதலில் பார்த்த அதே பொறிதான். அதற்குப் பதில், உங்கள் புத்தகப் பக்கத்தையே பதிவேற்றி, 'இந்தப் பக்கத்தில் இருப்பதிலிருந்து மட்டும் கேள்வி எடு' என்று சொல்லுங்கள். வருகிற தமிழ்க் கலைச்சொற்களை ஒருமுறை சரிபாருங்கள்; இல்லாத சொல்லை இருப்பது போலவே எழுதித் தரும். மாணவர்களின் பெயர், மதிப்பெண், புகைப்படம் எதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

செயலி இறக்கும்போது, பிளே ஸ்டோரில் அதை வெளியிட்டவர் யார் என்ற வரியைப் பாருங்கள். அரசுச் செயலி போலவே பெயரும் படமும் வைத்த செயலிகள் இருக்கலாம். அரசு இணையதள முகவரி என்றால் 'கவ் டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியும். பாடம் பார்க்கத் தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

பெற்றோருக்கும் இது உதவும்

இந்தக் கட்டுரை ஆசிரியருக்கு எழுதியதுதான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு 'அம்மா, இது புரியல' என்று பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து நீட்டும்போது, வீட்டில் இருப்பவரும் இதே தேடலைத்தான் செய்கிறார். நீங்கள் படித்தது தமிழ்நாட்டுப் பாடத்திட்டமாக இருந்தால், அது வீண் போகவில்லை. பிள்ளையின் ஆங்கிலப் பாடத் தலைப்பில் உள்ள முக்கியமான ஒரு சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். அந்தச் சொல்லை வைத்துக் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலோ மணற்கேணியிலோ தேடுங்கள். வகுப்பு ஒன்று முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிட வீடியோவைப் பிள்ளையோடு சேர்ந்து தமிழில் பார்த்துவிட்டு, அப்புறம் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பொருத்தமான வீடியோ கிடைத்தால் அதன் இணைப்பை வகுப்பு ஆசிரியருக்கும் அனுப்பி வையுங்கள். பாடத்தின் பெயரையும், வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் அந்த விளக்கம் வருகிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அனுப்பினால், அவர் முழுசாப் பார்த்துத் தேட வேண்டியிருக்காது.